லெபனான் உள்துறைச் செய்தி வந்தால் என்ன செய்வது

டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன். வெளிநாட்டுப் பக்கத்தில் என்னை அதிகம் படுத்தியது பெய்ரூட்தான்.

2011 மே 26, இரவு ஷிப்ட். லெபனான் உள்துறை அமைச்சர் ஸியாத் பாரூத் பற்றி ஏஜென்சி செய்தி வந்தது. ‘உள்துறை அமைச்சர் ராஜினாமா’ என்று தலைப்பு போட்டு அனுப்பினேன். மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இல்லாத அரசாங்கத்திலிருந்து எப்படிய்யா ராஜினாமா பண்ணுவார்?”

ஆகவே முதல் வேலை, தேதியைப் பாருங்கள். அங்கே அன்றைக்கு இருப்பது முழு அரசா, காபந்து அரசா? அந்த ஜனவரியிலேயே 11 அமைச்சர்கள் விலகி, பிரதமர் சாத் ஹரிரியின் அரசு கவிழ்ந்திருந்தது. புது அரசு அமையும் வரை பழைய அமைச்சர்கள் அன்றாட அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரூத் சொன்னது, இனி அந்த வேலையையும் பார்க்க மாட்டேன் என்பதுதான். காபந்து அரசு அங்கே மாதக்கணக்கில் ஓடும். அதனால் இதைச் சரிபார்க்காமல் ‘ராஜினாமா’ என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

அடுத்து, அமைச்சர் யாருடைய பங்கில் வந்தவர் என்று பாருங்கள். அங்கே பதவிகளை மதப் பிரிவுகளும் தலைவர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, சபாநாயகர் ஷியா என்ற ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாகப்பிரிவினை அதோடு நிற்பதில்லை, படைத் தலைமை வரை இறங்குகிறது. ராணுவத் தளபதி மரோனைட். உள்நாட்டுப் பாதுகாப்புப் படை, அதாவது போலீஸ், அதன் தலைவர் சன்னி. பாஸ்போர்ட், குடியேற்றம் பார்க்கும் பொதுப் பாதுகாப்புத் துறைக்கு 1998-லிருந்து ஷியா. போலீசும் பொதுப் பாதுகாப்பும் காகிதத்தில் உள்துறை அமைச்சருக்குக் கீழேதான்.

காகிதத்தில் என்று ஏன் சொல்கிறேன்? அன்றைக்கு நடந்ததைப் பாருங்கள். தொலைத்தொடர்பு அமைச்சர் ஷர்பல் நஹாஸ், ஹரிரியை எதிர்த்த கிறிஸ்தவத் தலைவர் மிஷெல் அவுனின் அணி. தன் அமைச்சகத்துக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போகிறார். அங்கே இருந்த மொபைல் நெட்வொர்க் கருவிகளைக் கழற்ற வேண்டும் என்பது அவர் வாதம். வாசலில் போலீசின் உளவுப் பிரிவு ஆட்கள் நின்று தடுக்கிறார்கள். போலீஸ் தலைவர் அஷ்ரஃப் ரிஃபி, ஹரிரி பக்கம். ஆட்களை விலக்கிக்கொள் என்று பாரூத் உத்தரவு போடுகிறார். ரிஃபி விலக்கவில்லை. பாரூத் அதிபர் மிஷெல் சுலைமானின் பங்கில் வந்த வக்கீல்; பின்னால் பெரிய கட்சி கிடையாது. உத்தரவு தாளோடு நின்றது, அவர் வீட்டுக்குப் போனார்.

அதனால் அமைச்சர் என்ன சொன்னார் என்பதோடு நிறுத்தாமல், படைத் தலைவர் என்ன செய்தார் என்று இன்னொரு பத்தி தேடுங்கள். பெரும்பாலும் செய்தி அங்கேதான் இருக்கும். இதே ரிஃபியின் பணிக்கால நீட்டிப்புக்கு அமைச்சரவை ஒத்துக்கொள்ளாததும் சேர்ந்துதான், 2013 மார்ச்சில் பிரதமர் நஜீப் மிகாதி பதவி விலகினார். போலீஸ் அதிகாரி ஒருவர் ஓய்வுபெறும் தேதி ஒரு பிரதமரையே சாய்க்கக்கூடிய ஊர் அது.

அப்புறம், இந்த அமைச்சகத்தின் முழுப் பெயரில் ‘நகராட்சிகள்’ என்பதும் உண்டு. அந்தப் பாதியை நம் ஆட்கள் வெட்டிவிடுகிறார்கள், வெட்டாதீர்கள். நம் ஊர் போல் தேர்தலைத் தனி ஆணையம் நடத்துவதாக நினைத்துவிடக் கூடாது. அங்கே தேர்தல் உள்துறையின் வேலை. குடிமக்கள் பதிவேடும் அவர்களிடம்தான். 1932-க்குப் பிறகு அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஓட்டுப் போடுவது பூர்வீகப் பதிவு இருக்கும் ஊரில். பதிவேட்டில் மதப் பிரிவை நீக்கிக்கொள்ளலாம் என்று 2009-ல் பாரூத் ஒரு சுற்றறிக்கை விட்டார். என்னைக் கேட்டால் அவர் வீட்டுக்குப் போனதைவிட அதுதான் பெரிய செய்தி. அதை நான் மூன்று வரியில் முடித்திருந்தேன்.

2016-க்குப் பிறகு நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2025 மேயில்தான் நடந்தது. அப்போது அமைச்சர் அகமது அல் ஹஜ்ஜார், முன்னாள் போலீஸ் அதிகாரி. ‘ஒத்திவைப்பு’ என்று வந்தால் இது எத்தனையாவது தடவை என்று எண்ணிப் போடுங்கள்.

பெயர்கள் விஷயம். அங்கே பிரெஞ்சு முறை எழுத்துக்கூட்டல். ‘சி ஹெச்’ வந்தால் ‘ஷ’, ‘ஓ யு’ வந்தால் ‘உ’ அல்லது ‘ஊ’. 2014-ல் வந்த அமைச்சர் மஷ்னூக், மச்னௌக் இல்லை. 2011-ல் அந்தத் தலைப்புக்குக் கீழே நான் ஷர்பலைச் ‘சார்பெல்’ என்றும் பாரூத்தை ‘பரௌட்’ என்றும் போட்டிருந்தேன். அதை ஆசிரியர் கவனிக்கவில்லை.