பாரிஸிலிருந்து வந்த பழைய லப்டொப்பில் லினக்ஸ் போடுவது எப்படி

பரந்தனில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் தூக்கிக்கொண்டு வரும் லப்டொப்புகளில் கனக்க, பாரிஸிலும் ஜெர்மனியிலும் இருக்கிற மாமாவும் சித்தியும் பாவித்துவிட்டு அனுப்பியவை. விண்டோஸ் 10-இற்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பத்து வருடப் பழைய இயந்திரத்தை விண்டோஸ் 11 ஏற்காது. “எறியத்தானே வேணும் சேர்?” என்று தாய்மார் கேட்கிறார்கள். வேண்டாம் அம்மா. 4 ஜிபி ரேம் இருந்தால் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

நான் போடுவது லினக்ஸ் மின்ட், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய ஓர் இலவச இயங்குதளம்; அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்.எஃப்.சி.ஈ பதிப்பு. கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடமென்றால் டொரண்ட் மூலம் இறக்குங்கள். அறுந்த இடத்திலிருந்து தொடரும், வந்த துண்டுகள் பழுதில்லையா என்றும் அதுவே பார்த்துக்கொள்ளும். பிறகு ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதவேண்டும். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

இனித்தான் முக்கியமான வேலை. விண்டோஸை அழிக்கமுன் படங்கள், பாடக்குறிப்புகளோடு பாமினி எழுத்துருவையும் வேறொரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொன்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். பழைய வினாத்தாள்கள் பல பாமினியில் தட்டச்சானவை. அது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிகளும் பொதுவாகப் புரிந்துகொள்ளும் எழுத்துமுறை, இல்லை; எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் வினாத்தாள் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். மின்ட் போட்டபின் ஹோம் கோப்புறைக்குள், முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஃபொன்ட்ஸ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் (.fonts) ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள் பாமினியைப் போட்டால், மின்டில் ஆவணங்களைத் திறக்கும் லிப்ரே ஒஃபிஸ் அதை எடுத்துக்கொள்ளும்.

சரி, பென்டிரைவைச் செருகி இயந்திரத்தைப் போடுங்கள். போட்டவுடனேயே எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலை வரவழைக்கும் விசையைத் தட்டி, பென்டிரைவைத் தெரிவுசெய்யுங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசுஸ் என்றால் எஸ்கேப். மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும், டிஸ்கைத் தொடாது. அப்படியே வைத்து வைஃபை, சத்தம், கமரா எல்லாவற்றையும் பாருங்கள். ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள்.

பிரெஞ்சு லப்டொப்பில் கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும். இலக்கம் அடிக்க ஷிஃப்ட் வேண்டும். நிறுவும்போது எந்த விசைப்பலகை என்று கேட்கும் இடத்தில் நான் யூஎஸ் ஆங்கிலத்தையே தெரிவுசெய்து, விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் இன்னொன்று என்று பிள்ளை தடுமாறக்கூடாது. கடவுச்சொல் வைக்கமுன் அங்கேயுள்ள பெட்டியில் அதை ஒருமுறை அடித்துப் பார்க்கவேண்டும்.

பற்றரி செத்த இயந்திரமென்றால் கரண்ட் நிற்காத நேரம் பார்த்து நிறுவுங்கள். இடையில் நின்றால் பாதி எழுதிய டிஸ்க் எழும்பாது. பயப்படாமல் பென்டிரைவிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய, மின்டின் சொஃப்ட்வெயார் மனேஜரில் ஐபஸ்-எம்17என் நிறுவினால் ரெங்கநாதன், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை முறைகளும் கிடைக்கும்.

கையில் கொஞ்சம் காசிருந்தால், நிறுவமுன்பே சுழலும் ஹாட்டிஸ்கைக் கழற்றி சுழலும் பாகமில்லாத 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்று போடுங்கள். வேகத்தில் இதைப்போல வித்தியாசம் காட்டுவது வேறொன்றுமில்லை. அடிமூடியைத் திறந்த கையோடு விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, வெப்பம் வெளியேறும் தகடுகளைத் தூரிகையால் துடையுங்கள். எங்கள் செம்புழுதி அங்கே கம்பளிபோலப் படிந்திருக்கும்; சூடேறி அணைகிற லப்டொப் பல அதோடு சுகமாகிவிடும்.

முதல் அப்டேட் பெரிதாக இருக்கும். ஃபோன் டேட்டாவில் செய்யாமல் வைஃபை உள்ள வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.