மாத்தளைச் சுண்ணாம்புக்கல்லில் காரம் விரும்பும் பற்றீரியாவைப் பிரித்தெடுப்பது எப்படி?

மலையகத்தின் தேயிலை மண் அமிலத்தன்மை கொண்டது. அதைத் தணிக்கத்தான் டொலமைட் போடுகிறோம். அந்த டொலமைட் வரும் மாத்தளை, திகனப் பகுதிக் கற்களின் மேற்பரப்பில் காரம் விரும்பும் பற்றீரியாக்களைத் தேடலாம். பாடசாலையின் உயர்தர வகுப்பு உயிரியல் ஆய்வுகூடமே இதற்குப் போதும். ஆனால் காரத்தைத் தாங்குவது வேறு, விரும்புவது வேறு. பீ.எச். (அமில–கார அளவு, 7 நடுநிலை) 9க்கு மேல் செழித்து, 7இல் தளர்வதே காரம்விரும்பி. ஆகவே கார ஊடகத் தட்டு, நடுநிலை ஊடகத் தட்டு என இரண்டு வகைத் தட்டுகளும் கட்டாயம் வேண்டும்.

முதலில் கல். கருங்கல் உதவாது. உதிர்ந்து கிடக்கும் துண்டொன்றைச் சுரண்டி, தூளில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள், நுரைத்தால் சரி. டொலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும், பொறுத்துப் பாருங்கள். பாசியும் கற்பூவும் இல்லாத இடத்தில் காய்ச்சி வடித்த நீரால் நனைத்து பீ.எச். தாளை அழுத்தினால் 8க்குக் குறையக்கூடாது. கோயில் சிலை, பழைய கட்டடம் எதையும் சுரண்ட வேண்டாம். கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியை 0.85 வீத உப்புநீரில் நனைத்து, 5 சதமமீற்றர் சதுரத்தில் அழுத்தித் தேய்த்து, அதே உப்புநீர் 10 மி.லீ. உள்ள குழாயில் கலக்குங்கள். அதிலிருந்து பத்தில் ஒன்று, நூறில் ஒன்று எனக் கரைசல்களை ஐதாக்கிக்கொள்ளுங்கள்.

ஊடகம் 100 மி.லீ.க்கு: குளுக்கோசு 1 கிராம், பெப்டோன் 0.5, ஈஸ்ட் சாறு 0.5, இருபொற்றாசியம் ஐதரசன் பொசுபேற்று 0.1, ஏகார் 2 கிராம், நீர் 89 மி.லீ. மகனீசியம் சல்பேற்று 0.02 கிராம்தான் தேவை; பாடசாலைத் தராசு அதைச் சரியாக நிறுக்காது. 2 கிராமை 100 மி.லீ. நீரில் கரைத்து அதில் 1 மி.லீ. எடுங்கள். நீரற்ற சோடியம் காபனேற்று 1 கிராமை 10 மி.லீ. நீரில், வேறு குடுவையில் வையுங்கள். பளிங்காக உள்ள சலவைச்சோடா என்றால் 2.7 கிராம். இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் குளுக்கோசு பழுப்பாகும், ஏகார் சரியாக இறுகாமலும் போகலாம். பொற்றாசியம் காபனேற்றைப் பதிலாகப் போடாதீர்கள்: இந்தப் பற்றீரியாக்கள் கலத்தின் உட்புறக் காரத்தைக் கட்டுப்படுத்தச் சோடியம் அயனையே நம்பியிருக்கின்றன. நடுநிலைத் தட்டில் காபனேற்றுக்குப் பதிலாக 1.1 கிராம் கறியுப்பு. சோடியம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகும். அதன் பீ.எச்.ஐ 7க்குச் சரிசெய்யுங்கள்.

கிருமிநீக்கத்தில்தான் மலைநாட்டில் பலர் தவறுகிறார்கள். அமுக்கக் குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் கடல்மட்டத்தில் 121 பாகை செல்சியஸ் கிடைக்கும். அங்கே 15 நிமிடம் போதும். நுவரெலியாவின் உயரத்தில் அதே குக்கர் ஏறக்குறைய 118 பாகையோடு நின்றுவிடும். அங்கு 35 நிமிடம் வையுங்கள்.

இரு குடுவைகளும் 60 பாகைக்கு ஆறியதும் கலந்து, தட்டுக்கு 20 மி.லீ. ஊற்றுங்கள். காபனேற்றுக் குடுவை குளிர்ந்திருந்தால் ஏகார் கட்டிகட்டியாக இறுகும். இலேசான வெண்மங்கல் மகனீசியப் படிவு, வளர்ச்சியல்ல. ஆகவே எதுவும் பூசாத தட்டொன்றைக் கட்டுப்பாடாக வையுங்கள்.

தட்டுக்கு 0.1 மி.லீ. பரப்பி, மூடியை ஒட்டி, பொலித்தீன் பையில் இட்டு, கவிழ்த்து 28–30 பாகையில் 2 முதல் 5 நாள். தலவாக்கலை, நுவரெலியாவில் அறைவெப்பம் போதாது; ரெஜிபோம் பெட்டியில் பழைய இழைமின்குமிழ் எரியவிட்டு வெப்பமானி வையுங்கள். பையில்லாமல் விட்டால் காற்றின் காபனீரொட்சைட்டு காரத்தைத் தின்றுவிடும். முடிவை எழுதுமுன் கட்டுப்பாட்டுத் தட்டின் மேற்பரப்பில் பீ.எச். தாள் வைத்துப் பாருங்கள், 9.5க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தத் தொகுதியை நம்ப வேண்டாம்.

காரத் தட்டில் வந்த ஒரு சமுதாயத்தை (ஒரே புள்ளியாக வளர்ந்த பற்றீரியாக் கூட்டத்தை) இரண்டு வகைத் தட்டிலும் கோடிழுத்து ஒப்பிடுவதே இறுதிச் சோதனை. இதை ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். பெயர் தெரியாத உயிர் என்பதால் வளர்ச்சி உள்ள மற்றத் தட்டுகளைத் திறக்கவே வேண்டாம். வித்திகள் வெளிற்றும் நீருக்கு எளிதில் சாகா. எல்லாத் தட்டுகளையும் குக்கரில் ஒரு மணிநேரம் அவித்த பின்பே குப்பையில் போடுங்கள். அந்தக் குக்கர் மறுபடி சமையலுக்கு வேண்டாம்.