மலைக்குளிரில் 50 எம்எம் லென்ஸ்: எடுக்கும் முறையும் காக்கும் முறையும்

கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் வந்து, "அண்ணா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: 50 எம்எம், எஃப் 1.8. எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது; எண் குறையக் குறையத் திறப்பு அகலம், வெளிச்சம் அதிகம். விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இந்த ஊர் வெளிச்சம். மழைக்காலத்தில் மதியமே மேகம் இறங்கித் தேயிலைத் தோட்டத்தை மூடிவிடும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, ஏற்றிப் படத்தைப் புள்ளி புள்ளியாக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

வாங்கும் முன் உங்கள் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைப் பாருங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸை அவற்றில் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, 2011-இல் வந்த ஏஎஃப்-எஸ் 1.8ஜி வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் 2015-இல் வந்த 50 எம்எம் 1.8 எஸ்டிஎம் லென்ஸ். அதன் எடை 160 கிராம்தான், கேமராவில் மாட்டும் வளையமான மவுண்ட்டும் உலோகம். சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) பாடியில் 50 எம்எம் லென்ஸ், முழு ஃபிரேம் கேமராவோடு ஒப்பிட்டால், கேனானில் 80 போலவும் நிக்கானில் 75 போலவும் நெருக்கிக் காட்டும். முகத்துக்கு அது மிக அழகு. ஆனால் தொழிலாளர்களின் சின்ன எஸ்டேட் லைன் வீட்டுக்குள் ஒரு குடும்பத்தையே எடுக்கச் சுவரில் முதுகு இடித்தாலும் இடம் போதாது. பெரும்பாலும் வீட்டுக்குள்தான் எடுப்பேன் என்பவர் நிக்கானில் 35 எம்எம் 1.8ஜி டிஎக்ஸ் வாங்கலாம்.

எல்லோரும் முதல் நாளே எஃப் 1.8-இல் வைத்து, பின்னணி கரைவதைப் பார்த்துப் பூரித்துப் போவார்கள். பூரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் சிறிய சென்சார் கேமராவில் அப்போது தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. பாட்டியின் மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், கண் மங்கியிருக்கும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கேமராவுக்கு அருகிலிருக்கும் கண்ணின் மேல் வையுங்கள். ஒருவர் முகம் மட்டும் என்றால் எஃப் 2.2 முதல் 2.8 வரை எனக்குப் பிடித்தது. லென்ஸின் கூர்மையும் அங்கே நன்றாகக் கூடிவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஜோடியாக நின்றால் எஃப் 4. மூன்று வரிசையாகச் சொந்தக்காரர்கள் நின்றால் எஃப் 5.6, கொஞ்சம் பின்னால் போய் நடு வரிசையில் ஃபோகஸ். ஆள் நின்றுகொண்டிருந்தால் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போக வேண்டாம். கொழுந்து பறிக்கும் கை ஓயாது, அதற்கு 1/500.

மூடுபனியில் கேமரா இரண்டு இடத்தில் ஏமாறும். வெண்மையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் ஊரே வெள்ளை உடுத்தி வரும்போதும் இதே கணக்குத்தான், இல்லையென்றால் வெள்ளை அழுக்குச் சாம்பலாகிவிடும். இரண்டாவது, ஆட்டோ ஃபோகஸ். பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். சில்வர் ஓக் மரத்தண்டின் ஓரம், கூரை விளிம்பு என்று கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற கோட்டில் புள்ளியை வையுங்கள். அப்படியும் பிடிக்கவில்லையா? கேமராவின் பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

இந்த லென்ஸில் ஜூம் கிடையாது, நெருங்க வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தோட்டத்தில் காட்டெருமை நின்றால் 50 எம்எம்மோடு நெருங்காதீர்கள். அது சாதுவாக மேய்வது போலத்தான் தெரியும். அந்தப் படம் நமக்கு வேண்டாம்.

அப்புறம் பராமரிப்பு. ஃபிலிம் காலத்தில் எஸ்எல்ஆர் கேமராவோடு சேர்ந்தே வந்தது பெரும்பாலும் ஒரு 50 எம்எம் லென்ஸ்தான். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து ஃபிலிமைப் போட்டு எடுத்த படங்கள் இங்கே பல வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. அந்தக் கால லென்ஸ்களைப் பீரோவிலிருந்து எடுத்து என்னிடம் கொண்டுவருவார்கள். தோல் உறைக்குள் கிடந்தவற்றில் பூஞ்சை இல்லாததைப் பார்ப்பது அரிது. தோல், துணி, ஸ்பாஞ்ச் எல்லாம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். சிலந்தி நூல் போலக் கண்ணாடியில் படரும், விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கையே அரித்துவிடும்.

ஆகவே கேமரா பை தூக்கிப் போக மட்டும்தான், லென்ஸ் வசிக்கிற இடம் அது இல்லை. ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவுதான் செலவு. மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். ரொம்பக் காய்ந்தாலும் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கிரீஸுக்கும் நல்லதில்லை. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது விஷம். சமையல் வாணலியில் வறுக்கவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். டப்பாவே வாங்கினாலும் லென்ஸை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். அடிக்கடி வெளியே வந்து காற்றும் வெளிச்சமும் பார்க்கிற லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை. நேர் வெயிலில் மட்டும் திறந்து வைக்க வேண்டாம், பூதக்கண்ணாடி போல எதையாவது பற்ற வைத்துவிடும்.

குளிர்ந்த லென்ஸ் வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் சந்தித்தால் வியர்க்கும். பனி விழும் ஜனவரிக் காலையில் வெளியே எடுத்துவிட்டு, சோற்றுப்பானை கொதிக்கும் வீட்டுக்குள் வரும்போது இது நடக்கும். மலையிறங்கி மேட்டுப்பாளையத்தில் பையைத் திறந்தாலும் நடக்கும். நுழையும் முன்பே குளிர்ந்த காற்றோடு ஜிப் கவரில் போட்டு மூடி, கேமரா சூடேறும்வரை அரை மணி, ஒரு மணி நேரம் காத்திருங்கள். வியர்வை கவருக்கு வெளியே படியும், கண்ணாடியில் படியாது. லென்ஸை அந்த நேரத்தில் கழற்றவே வேண்டாம்.

துடைப்பது கடைசி வேலை. முதலில் ப்ளோயரால் (அமுக்கினால் காற்று வரும் ரப்பர் பந்து) தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மென்மையான பிரஷ், அப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி. லென்ஸ் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைக்கவும். வேட்டி நுனி, சேலைத் தலைப்பு இரண்டிலும் மண் துகள் இருக்கும். தூறலில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் போட்டுக்கொண்டால் துடைக்கும் வேலையே பாதி குறையும்.

கேனான் எஸ்டிஎம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். நீண்ட நிலையில் அடி பட்டால் உள்ளே இருக்கும் பற்சக்கரம் கெடும். அணைக்கும் முன் எதிர்மலையில் ஒருமுறை ஃபோகஸ் செய்யுங்கள், குழல் உள்ளே போய்விடும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கையில் டார்ச் கொண்டு போங்கள். பின்பக்கத்திலிருந்து ஒளி அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஓரிரண்டு தூசி பரவாயில்லை, நூல் போலத் தெரிந்தால் வாங்காதீர்கள். இந்த விலை லென்ஸுக்குப் பூஞ்சை எடுக்கும் கூலி கட்டுப்படியாகாது. திறப்பைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. கேமராவில் மாட்டி, மிக அருகிலிருந்து தூரத்துக்கு ஃபோகஸை ஓடவிட்டுக் கேளுங்கள், நடுவில் திக்கினாலும் அரைக்கிற சத்தம் வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.