திகால் மாயன் நகரம்: ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்ப ஒரு வழிகாட்டி

குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் மழைக்காட்டுக்குள் இருக்கிறது திகால். மத்திய அமெரிக்காவின் பழைய நாகரிக மக்களான மாயன்களின் அரசர்கள் பல நூற்றாண்டுகள் ஆண்ட நகரம். இங்கே தேதி பொறித்து நட்ட கடைசிக் கல் கி.பி. 869ஐச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஊர் வெறிச்சோடி, காடு மூடிக்கொண்டது. முதல் முறை போகிறவர்கள் பலரும் நேராக நடுச்சதுக்கத்துக்குப் போய், உச்சிவெயிலில் களைத்து, மிக உயரமான கோயிலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசையில் போனால் அந்த வருத்தம் இருக்காது.

படி 1: முந்தைய இரவு ஃபுளோரெஸில் தங்குங்கள்

ஃபுளோரெஸ், பெத்தேன் இட்சா ஏரிக்குள் இருக்கும் குட்டித் தீவு. கரையிலிருந்து பாலச்சாலை உண்டு. தலைநகரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், பேருந்தில் ஓர் இரவுப் பயணம். திகால் இங்கிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. விடியற்காலையில் கிளம்பும் வேனில் இடம் சொல்லி வையுங்கள், நுழைவுச்சீட்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு.

படி 2: பையில் என்ன?

ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, முழுக்கைச் சட்டை, வழுக்காத காலணி, பாஸ்போர்ட், கையில் கெட்சால் (குவாத்தமாலா நாணயம்). தண்ணீரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். திகாலுக்கு ஆறே கிடையாது. சதுக்கங்களைச் சுண்ணாம்புச் சாந்து பூசிச் சரிவாக அமைத்து, மழைநீரைக் குளங்களில் தேக்கித்தான் அத்தனை மக்களும் வாழ்ந்தார்கள். நடக்கும்போது அந்தக் குளங்களின் பள்ளங்கள் இன்றும் தெரியும்.

படி 3: ஆறு மணிக்கே உள்ளே போங்கள்

பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். சூரிய உதயம் பார்க்கத் தனிச்சீட்டு உண்டு. ஆனால் பல நாள் பனிமூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிடும், அதனால் முதல் பயணத்துக்கு அது தேவையில்லை என்பேன். தூரத்தில் புலி உறுமுவதுபோல் கேட்டால் பயப்படாதீர்கள். அது ஊளைக்குரங்கு.

நடைபாதையின் தொடக்கத்திலேயே பெரிய சேய்பா மரம் ஒன்று நிற்கும். நம் ஊரில் தலையணைக்குள் அடைக்கும் இலவம் பஞ்சு தரும் அதே மரம்தான். பாதாளம், பூமி, வானம் மூன்றையும் இணைக்கும் மரமாக மாயன்கள் இதைப் போற்றினார்கள்.

படி 4: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

அடுத்து வருவது இரட்டைப் பிரமிடுத் தொகுதி 'க்யூ'. அவசரப்படாமல் இங்கே கால் மணி நேரம் நில்லுங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கொண்ட காத்துன் என்ற காலச்சுற்று கி.பி. 771இல் நிறைவடைந்ததைக் கொண்டாடக் கட்டியது இது. வடக்குப் பக்கச் சிறு மதிலுக்குள் அரசர் உருவம் செதுக்கிய கல் நிற்கிறது.

மாயன் எண்முறை சுலபம். ஒரு புள்ளி என்றால் 1, ஒரு கோடு என்றால் 5. இந்தக் கல்லின் எழுத்து '13 அஹாவ்' என்ற நாளில் தொடங்குகிறது. 13 என்றால் இரண்டு கோடு, மூன்று புள்ளி. தேய்ந்துபோன கல்லில் அதை நீங்களே தேடிக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் எந்தக் கல்லையும் சும்மா கடந்து போக மாட்டீர்கள்.

படி 5: வெயில் ஏறுமுன் நான்காம் கோயில்

தொடக்கத்தில் சொன்ன மிக உயரமான கோயில் இதுதான், ஏறத்தாழ 65 மீட்டர். கி.பி. 741 வாக்கில் கட்டியது. பக்கவாட்டு மரப்படிகளில் நிதானமாக ஏறுங்கள். மேலே கண்ணுக்கெட்டிய வரை பச்சை. அதைப் பிளந்துகொண்டு மற்றக் கோயில்களின் முடிகள் மட்டும் தெரியும். அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

இந்தக் கோயிலின் வாசல்களுக்கு மேலே போட்ட உத்தரக் கட்டைகள் சப்போட்டா மரம். ஆம், நாம் பழம் தின்னும் சப்போட்டாதான். அதன் தாயகம் இந்தப் பக்கம். அழகாகச் செதுக்கிய கட்டைகள் சில இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை இங்கேயே இருந்திருக்க வேண்டியவை.

படி 6: கடைசியாக நடுச்சதுக்கம்

'முந்தோ பெர்திதோ' (தொலைந்த உலகம்) என்ற கட்டடத் தொகுதி வழியாகத் திரும்பி வாருங்கள். சதுக்கத்தில் எதிரெதிரே நிற்பவை முதல், இரண்டாம் கோயில்கள். முதல் கோயில் 47 மீட்டர். அதில் ஏற அனுமதி இல்லை. அதனடியில்தான் ஹசாவ் சான் காவில் என்ற அரசரின் கல்லறையைக் கண்டெடுத்தார்கள். கி.பி. 695இல் கலாக்முல் என்ற எதிரி நாட்டை வென்று, தாழ்ந்து கிடந்த திகாலைத் தூக்கி நிறுத்தியவர் அவர். இரண்டாம் கோயிலில் மரப்படி உண்டு; அங்கிருந்து முதல் கோயிலை நேருக்கு நேர் பார்க்கலாம்.

நீள மூக்கும் நிமிர்ந்த வாலுமாகப் பிசோட்டே என்ற சிறு விலங்குகள் கூட்டமாக வந்து பையை மோப்பம் பிடிக்கும். தீனி போடாதீர்கள், பழகிவிட்டால் அவற்றுக்குத்தான் கெடுதல்.

படி 7: திரும்புதல்

வாயிலருகே சாப்பாட்டுக் கடைகள் உண்டு. திரும்பும் வேனின் நேரத்தைக் காலையிலேயே ஓட்டுநரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மதிய வேனைப் பிடித்தால், இருட்டுமுன் ஃபுளோரெஸ் ஏரியில் ஒரு குளியலும் போடலாம்.