35-ஆல் வகுத்துப் பாருங்கள்: பழைய ஷெர்மன் டாங்கி கிட்டைக் கைவேலையால் மெருகேற்றும் முறை

பல வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்த 1/35 ஷெர்மன் கிட் ஒன்றை, அதாவது இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க டாங்கியை 35-இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் ப்ளாஸ்டிக் மாடலை, எடுத்து ஒருவழியாக முடித்துவிட்டேன். எம்4ஏ3 வகை, வெல்டிங் செய்த உடல், 75 மி.மீ. பீரங்கி. பழைய அச்சுதான் என்றாலும் வடிவத்தில் குறை சொல்ல முடியாது. நீளம், அகலம், சக்கர இடைவெளி எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் ஒட்டிப் பார்த்தால் பொம்மை மாதிரி இருந்தது. காரணம் என்னவென்று, நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவியை எடுத்து அளந்தபோதுதான் புரிந்தது. முன்பக்க மட்கார்டின் விளிம்பு 1.1 மி.மீ. அதை 35-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 38 மி.மீ. நிஜ ஷெர்மனின் பக்கவாட்டுக் கவசமே 38 மி.மீ. தான்! சேற்றைத் தடுக்கும் தகரம் குண்டைத் தடுக்கும் கவசத்தின் கனத்தில் நிற்கிறது.

அதன்பிறகு வேலை முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் ஓடியது. எதைச் செய்வதற்கு முன்னும் நிஜப் பொருளின் கனத்தை 35-ஆல் வகுத்துப் பாருங்கள். கைப்பிடிக் கம்பி 14 மி.மீ. என்றால் உங்களுக்குத் தேவை 0.4 மி.மீ. மட்கார்டுத் தகடு 3 மி.மீ. என்றால் 0.1 மி.மீ.-க்கும் குறைவு. புதிதாக எதையும் ஒட்டுவதற்கு முன், ஏற்கெனவே தடியாக இருப்பதை மெலிதாக்குங்கள். பாதி மாற்றம் அதிலேயே வந்துவிடும்.

கிட்டைக் கழுவுவது, பாகங்களை வெட்டி எடுப்பது, ஒட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கருவிகள்

நிறைய வேண்டாம். கூர்மையான கத்தி, உளி வடிவ ப்ளேடு ஒன்று, கையால் திருகும் சின்ன ட்ரில், 0.4 மற்றும் 0.5 மி.மீ. ட்ரில் முனைகள், தட்டை மூக்குக் குறடு, 400, 600, 1000 நம்பர் உப்புத்தாள், சூப்பர் க்ளூ, தண்ணீர் போல் ஓடி, ப்ளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் ப்ளாஸ்டிக் சிமெண்ட். குழாயில் வரும் கெட்டிப் பசையை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். மின்சார ட்ரில்லும் வேண்டாம். அதன் வேகத்துக்கு ப்ளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும். 0.4 முனை நொடியில் ஒடியும்.

செம்புக் கம்பிக்குப் பழைய வயரை உரித்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகட்டுக்குக் காலியான குளிர்பான டின். அதன் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. நம் அளவுக்கு 3.5 மி.மீ. தகடு. காசு கொடுத்து வாங்கினாலும் இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது.

1. முதலில் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

பழைய கிட்டின் அடிப்பகுதியில் தேவையில்லாத துளைகள் இருக்கும். மோட்டார் வைத்து ஓட்டிய காலத்தின் மிச்சம் அது. 1/35 என்ற அளவு பிறந்ததே அப்படித்தான். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா தன் பாந்தர் டாங்கி மாடலை வடிவமைத்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கவேண்டும் என்று பார்த்து வந்த அளவு இது. துளைக்கு ஏற்ற ப்ளாஸ்டிக் அட்டைத் துண்டை வெட்டி உள்ளே வைத்து ஒட்டி, புட்டி பூசித் தேய்த்தால் முடிந்தது.

அதைவிட முக்கியம், ட்ராக்குக்கு (சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிச் சங்கிலிப் பட்டைக்கு) மேலே பக்கவாட்டில் துருத்தும் பகுதியின் அடித்தளம். என் கிட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளே வானம் தெரிந்தது. தடித்த காகிதத்தில் முதலில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்ததும் அதை 0.5 மி.மீ. ப்ளாஸ்டிக் அட்டையில் வரைந்து வெட்டுங்கள். மேல் உடலை ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

2. எது வார்ப்பு, எது தகடு?

கத்தியை எடுப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். எம்4ஏ3-இன் உடல், தகடுகளை வெல்டிங் செய்து சேர்த்தது. எம்4ஏ1-இன் மேல் உடலோ முழுக்க வார்ப்பு. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் 'மைக்கேல்' என்ற பெயரோடு நிற்கும் ஷெர்மன் எம்4ஏ1 வகை. அதன் படத்தைப் பார்த்து எம்4ஏ3-இன் பக்கத் தகட்டில் வார்ப்புச் சொரசொரப்பை ஏற்றினால் தப்பு. எம்4ஏ3-இல் வார்ப்பு எங்கே என்றால் டரெட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு), பீரங்கியின் முன்கவசம், முன்பக்கக் கியர் மூடி. மற்ற பெரிய பரப்புகள் எல்லாம் வழவழப்பான தகடு.

அருங்காட்சியக வண்டிகளில் பிற்காலத்தில் பாகங்கள் மாற்றப்பட்டிருக்கலாம். முடிந்தவரை போர்க்காலப் படங்களையே நம்புங்கள் என்பேன்.

3. அச்சோடு வந்த கைப்பிடிகளைச் செதுக்குதல்

உளி ப்ளேடைப் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். ஒரே தள்ளில் எடுக்கப் பார்த்தால் ப்ளேடு பரப்பில் இறங்கிவிடும். கடைசி ஒரு முடியளவை உப்புத்தாளுக்கு விட்டுவிடுங்கள். சீவுவதற்கு முன் கைப்பிடியின் இரு கால்களும் நிற்கும் இடத்தில் ஊசியால் குத்தி அடையாளம் வையுங்கள். சீவிய பிறகு தேடினால் கிடைக்காது.

4. வெல்டிங் வரி

நான் மூன்று நாள் மாட்டிக்கொண்ட இடம் இது. நிதானமாகச் சொல்கிறேன்.

தகடும் தகடும் சேரும் மூலையில் கிட் வெறும் கோடு ஒன்றைத்தான் கொடுத்திருந்தது. நிஜத்தில் அங்கே தடிப்பான, பிறை பிறையாக அடுக்கிய வெல்டிங் ஓடும். முதலில் புட்டியைப் பல்குச்சியால் கோடாக இழுத்தேன். பற்பசையைப் பிதுக்கிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்து சூடான சால்டரிங் முனையால் புள்ளி வைத்தேன். குழி ஆழமாகிவிட்டது. ஒரு பக்கத்தை முழுக்க அடைத்துத் தேய்க்க வேண்டியதாயிற்று.

கடைசியில் கைகொடுத்தது இழுத்த ஸ்ப்ரூ. பாகங்கள் கோத்து வரும் ப்ளாஸ்டிக் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். சுடருக்குள் விடாதீர்கள், பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். நடுவில் பளபளப்பு ஏறித் தொய்யத் தொடங்கும். உடனே சுடரிலிருந்து விலக்கி, ஒரு நொடி பொறுத்து, இரு கையாலும் இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடித்த நூல், வேகமாக இழுத்தால் மெல்லிய நூல். நமக்கு 0.35 மி.மீ. போதும். 12 மி.மீ. அகல வெல்டிங்குக்கு அது சரியான கணக்கு.

இங்கே ஒரு விஷயம். அதே கிட்டின் ஸ்ப்ரூவையே பயன்படுத்துங்கள். வேறு கிட்டின் ப்ளாஸ்டிக் வேறு வேகத்தில் இளகும். கண்ணாடி போன்ற ஸ்ப்ரூ வேண்டவே வேண்டாம், நொறுங்கும்.

மூலைக் கோட்டில் கத்தியின் முதுகால் லேசாக ஒரு பள்ளம் கீறி, அதில் நூலைப் படுக்கவைத்து, ஓட்டச் சிமெண்டை தூரிகை நுனியால் தொட்டுவிடுங்கள். அதுவே நூலை ஒட்டி ஓடிப் பரவும். இனிமேல்தான் சிக்கல். நான் முதல் தடவை உடனே அழுத்தினேன். நூல் கரைந்து பள்ளத்தோடு பள்ளமாகப் போய்விட்டது. அடுத்த தடவை ஒரு மணி நேரம் விட்டேன். மேலே கடினமாகி, அழுத்தினால் துண்டு துண்டாகத் தெறித்தது. இரண்டுக்கும் நடுவில்தான் பதம் இருக்கிறது.

அந்தப் பதத்தைக் கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடிக்காதீர்கள். சிமெண்டும் அறையின் வெப்பமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கழிவுத் துண்டிலும் கூடவே ஒரு நூலை அதே நேரத்தில் ஒட்டிவிடுங்கள். அவ்வப்போது அதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தில் ஒட்டினால் இன்னும் ஈரம். ஒட்டாமல், ஆனால் நகத்தடம் அப்படியே பதிந்து நின்றால் அதுதான் பதம். என் மேசையில் அது எட்டு முதல் பத்து நிமிடம். பதம் கடந்துவிட்டால் இன்னொரு தொடுகை சிமெண்ட் விட்டு மறுபடி காத்திருக்கலாம். ஒரே மூச்சில் நீளமாகப் போகாமல் மூன்று செ.மீ. வீதம் செய்யுங்கள்.

பிறை பதிக்க ஒரு மெல்லிய பித்தளைக் குழாயின் முனையைச் சாய்வாகத் தேய்த்து, வட்டத்தில் பாதி மட்டும் படும்படி ஆக்கிக்கொண்டேன். அதைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு பிறையும் முந்தையதைக் கொஞ்சம் மூடும்படி வரிசையாகப் பதியுங்கள். எல்லாப் பிறையும் ஒரே திசையைப் பார்க்கவேண்டும். வெல்டர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனவர்தானே. மூன்று நான்கு செ.மீ.-க்கு ஒருமுறை சின்னக் கட்டி ஒன்று விழட்டும். வெல்டிங் ராடு மாற்றி மறுபடி தொடங்கிய இடம் அப்படித்தான் இருக்கும். முடித்த பின் உப்புத்தாள் போடாதீர்கள். வெறும் சிமெண்டைத் தூரிகையால் ஒருமுறை தடவினால் கூர்முனைகள் தாமாக மழுங்கும்.

முன்தகடும் பக்கத்தகடும் சேரும் அந்த மூலையில் முதல் வரி சரியாக வந்தபோது, விளக்கைச் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிறையும் தனித்தனியாக நிழல் விட்டது.

5. வார்ப்புச் சொரசொரப்பு

இதற்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான திரவப் பிரைமர். ஒரு பழைய தூரிகையின் மயிரைக் கட்டையாக வெட்டி, அதில் தொட்டு டரெட் மேல் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போங்கள். காய்ந்ததும் 600 உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேயுங்கள். இதிலும் வகுத்தல் கணக்கை மறக்காதீர்கள். நிஜ டரெட்டில் விரலால் உணரும் சொரசொரப்பு நம் மாடலில் கண்ணுக்கு அரிதாகத்தான் தெரியவேண்டும். ஆரஞ்சுத் தோல் போலத் தெரிந்தால் இன்னும் தேயுங்கள்.

வார்ப்பு எண்கள் வேண்டுமா? ஸ்ப்ரூ சட்டத்தின் மேலேயே சின்னச் சின்ன எண்கள் மேடாக இருக்கும். புது ப்ளேடால் காகிதக் கனத்துக்குச் சீவி எடுத்து, இடத்தில் வைத்து, ஒரு துளி சிமெண்ட். அவ்வளவுதான்.

6. கைப்பிடிகள்

ஊசித் தடத்தில் 0.4 மி.மீ. துளை போடுங்கள். எல்லாக் கைப்பிடியும் ஒரே அகலத்தில் வர, அந்த அகலத்துக்கு ஒரு ப்ளாஸ்டிக் பட்டையை வெட்டி, கம்பியை அதன்மேல் வைத்து இருபுறமும் மடியுங்கள். கண்ணளவில் மடித்தால் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. செம்புக் கம்பி கோணலாக இருந்தால் இரு முனையையும் குறடால் பிடித்துக் கொஞ்சம் இழுங்கள், நேராகிவிடும்.

கால்களைத் துளையில் நுழைத்தபின், பட்டையை அடியில் வைத்தே உயரத்தைச் சரிசெய்யுங்கள். சூப்பர் க்ளூவை உள்பக்கத்திலிருந்து ஊசி முனையால் தொடுங்கள். ப்ளாஸ்டிக் சிமெண்ட் உலோகத்தைப் பிடிக்காது.

7. மட்கார்டும் விளக்குக் காவலும்

மட்கார்டை முழுசாகப் பிய்த்து எறிய வேண்டியதில்லை. வெளியே தெரியும் விளிம்பை மட்டும் அடிப்பக்கத்திலிருந்து கத்தியால் சுரண்டி மெலிதாக்கினால் கண் ஏமாறும். அடிபட்டு வளைந்த மாதிரி வேண்டுமென்றால் டின் தகட்டில் புதிதாக வெட்டுங்கள். தகட்டின் மேல்பூச்சை முதலில் உப்புத்தாளால் போக்கிவிடுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரியும். விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்.

முன்விளக்கின் காவல் பட்டைகளும் அதே தகட்டிலிருந்து மெல்லிய கீற்றுகளாக வரும். விளக்கின் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை ஒரு துளி. காய்ந்தால் தெளிந்துவிடும். ஆனால் அதைப் பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள்.

8. இழுவைக் கயிறும் கித்தானும்

மெல்லிய செம்பு இழைகளைச் சுடரில் ஒருமுறை காட்டி ஆறவிட்டு முறுக்குங்கள். சூடு காட்டிய செம்பு சொன்ன இடத்தில் படியும். காட்டாதது விறைத்துக்கொண்டு எழும். கித்தானுக்கு டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும். ஈரமாக இருக்கும்போதே கயிறு கட்டும் இடத்தில் அழுத்தி மடிப்பு விடுங்கள்.

9. பிரைமர்

சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு பூச்சு. செம்பு, அலுமினியம், புட்டி எல்லாம் ஒரே நிறமாகும்போது இதுவரை தெரியாத கீறல்கள் வெளியே வரும். அவற்றைச் சரிசெய்து மறுபடி ஒரு பூச்சு.

பிற்சேர்க்கை 1: சூப்பர் க்ளூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பசையின் ஆவி படிவதுதான் அது. குறைவாகத் தொட்டு, காயும்வரை காற்றோட்டமாக வையுங்கள். பெட்டிக்குள் மூடாதீர்கள். பெயிண்டுக்கு முன்னால் என்றால் கவலை இல்லை, பிரைமர் மறைத்துவிடும். கண்ணாடிப் பாகத்தின் அருகில் மட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம்.

பிற்சேர்க்கை 2: மஞ்சளாகிப்போன டீக்கலை (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னத் தாளை) காப்பாற்ற முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தாளை ஒரு ப்ளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டி வையுங்கள். மஞ்சள் வெளுக்கும். தண்ணீரில் போடுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிடுங்கள், இல்லையேல் துண்டு துண்டாகும். வார்னிஷ் அடித்தபின் முழுத் தாளும் ஒரே படலமாகிவிடும், அதனால் ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுக்கவேண்டும்.

பிற்சேர்க்கை 3: இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பழைய வினைல் ட்ராக் பட்டு சக்கரம் உருகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அந்த வினைலை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெல்லக் கசிந்து, தொடும் ப்ளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தீயோ வெயிலோ தேவையில்லை, பெட்டிக்குள் இருந்தாலே போதும். என் கிட்டிலும் ஒரு சக்கரத்தில் ட்ராக்கின் பல் தடம் பதிந்திருந்தது. உருகிய பகுதி பிசுபிசுவென்று இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு நாள் காற்றில் காயவிட்டு, பிறகுதான் புட்டி போடவேண்டும். நான் வினைலைக் கைவிட்டு, தனித்தனிக் கண்ணிகளாக வரும் ப்ளாஸ்டிக் ட்ராக்குக்கு மாறிவிட்டேன். உங்களிடம் இன்னும் தொடங்காத பழைய கிட் இருந்தால், இன்றைக்கே பெட்டியைத் திறந்து ட்ராக்கைத் தனிப் பையில் போட்டு, பாகங்களைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள்.