‘சரி, பார்க்கலாம்’ சம்மதம் ஆகாது: விவாகரத்துக்குப் பிறகு குழந்தையோடு வேறு மாநிலம் போகுமுன்

நியூ ஜெர்சியின் எடிசனில் என் தோழி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விவாகரத்தாகி இரண்டு வருடம். டல்லாஸ் பக்கம் நல்ல வேலை கிடைத்திருந்தது. “ஜூன்ல நானும் பாப்பாவும் டெக்சாஸ் போயிடலாம்னு இருக்கோம்” என்று அவள் அனுப்பிய வாட்ஸ்அப்புக்குக் குழந்தையின் அப்பா போட்ட பதில்: “சரி, பார்க்கலாம்.” கூடவே ஒரு கட்டைவிரல். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புது வீட்டுக்கு முன்பணமும் கட்டிவிட்டாள். மே மாதம் அவர் வக்கீல் வைத்து ஆட்சேபம் தெரிவித்தபோதுதான் பிரச்சினையின் அளவே புரிந்தது.

அமெரிக்காவில் வாழும் நம் ஆட்களிடம் இதே தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, வாய்ச்சொல்லை நம்புவது. ‘பார்க்கலாம்’ என்றால் நாம் எத்தனை இடத்தில் ‘வேண்டாம்’ என்ற அர்த்தத்தில் சொல்கிறோம்! நியூ ஜெர்சி சட்டப்படி, அங்கே பிறந்த அல்லது ஐந்து வருடம் வசித்த குழந்தையை வெளி மாநிலத்துக்குக் குடிமாற்ற, பெற்றோரில் மற்றவரின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் கோர்ட் உத்தரவு வேண்டும். சம்மதம் என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நீதிபதியும் கையெழுத்திட்ட உத்தரவாக அது இருப்பதுதான் பாதுகாப்பு. எங்கே போகிறோம், எந்தத் தேதியில், குழந்தை மற்றவரை எப்போதெல்லாம் பார்க்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

“எனக்குத் தெரிஞ்சவங்க சுலபமா போனாங்களே” என்று கிளம்புவதும் ஆபத்து. குழந்தை யாரிடம் அதிகம் வளர்கிறதோ அவர், நியூ ஜெர்சியில் முன்பெல்லாம், நல்ல காரணம் இருக்கிறது, குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று காட்டினாலே பெரும்பாலும் போதும். 2017-இல் பிஸ்பிங் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதை மாற்றிவிட்டது. இப்போது கேள்வி ஒன்றுதான்: போவது குழந்தைக்கு நல்லதா? உங்கள் சம்பள உயர்வு அந்தக் கேள்விக்கு ஒரு பகுதிப் பதில்தான்.

அடுத்தது, “கஸ்டடி என்கிட்டதானே இருக்கு” என்ற நினைப்பு. உங்கள் தீர்ப்பு நகலை எடுத்து முழுதாகப் படியுங்கள். டெக்சாஸ் தீர்ப்புகளில், குழந்தை இந்தக் கவுன்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதை ஒட்டிய கவுன்டிகளிலும்தான் வசிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு சாதாரணமாகவே இருக்கும். ஃபுளோரிடாவில் 50 மைல் தள்ளிப் போனாலே சட்டம் குறுக்கே வரும். இலினாயில், சிகாகோவைச் சுற்றியுள்ள கவுன்டிகளில் அது வெறும் 25 மைல். மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. டெக்சாஸில் இருக்கும் யாரோ சொன்னதை வைத்து நியூ ஜெர்சியில் முடிவெடுக்க முடியாது.

மிகப் பெரிய தவறு, முதலில் போய்விட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது. இதன் பின்னால் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: புது மாநிலத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டால் வழக்கு அங்கே வந்துவிடும் என்று. ஆறு மாதக் கணக்கு உண்மைதான். ஆனால் அது, குழந்தை விஷயத்தில் முதல் உத்தரவை எந்த மாநிலம் போடலாம் என்பதற்கு. ஒரு கோர்ட் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டால், பெற்றோரில் ஒருவர் அந்த மாநிலத்தில் தங்கியிருக்கும்வரை பொதுவாக அதிகாரம் அந்தக் கோர்ட்டிடமேதான் இருக்கும். ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் இதற்கென ஒரே மாதிரிச் சட்டம் வைத்திருக்கின்றன. ஆகவே டல்லாஸில் வீடு, பள்ளி எல்லாம் அமைந்த பிறகும் நியூ ஜெர்சி நீதிபதி “குழந்தையைத் திரும்பக் கொண்டுவா” என்று சொல்லலாம். சொல்லாமல் கிளம்பியவர் என்ற பெயரோடு அவர் முன்னால் நிற்பது, அடுத்து நீங்கள் கேட்கும் எல்லாவற்றையும் பாதிக்கும்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வேலை போனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். டெக்சாஸ், இலினாய் போன்ற இடங்களில் இடம் மாறுவதை மற்றவருக்கு 60 நாள் முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு 60-ம் மோதிக்கொள்ளும். வெளி மாநில வேலைக்கு நேர்காணல் நடக்கும்போதே வக்கீலிடம் பேசுங்கள். ஆஃபர் வரட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் தாமதமாகிவிடும்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விஷயம். பலர் ‘நான் ஏன் போகிறேன்’ என்று பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். ‘அப்பாவைக் குழந்தை எப்படிப் பார்க்கும்’ என்பதற்கு ஒரு வரி: “லீவில் வந்து பார்க்கலாம்.” நீதிபதி தேடுவதே அந்த இரண்டாவது பதிலைத்தான். கோடை விடுமுறையில் எத்தனை வாரம், தேங்க்ஸ்கிவிங் எந்த வருடம் யாருக்கு, வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்கு வீடியோ அழைப்பு, அதுவும் எந்த ஊர் நேரப்படி, டிக்கெட் யார் செலவு என்று எழுதுங்கள். குழந்தை தனியாகப் பறக்குமா என்றும் யோசியுங்கள். பல விமான நிறுவனங்கள் ஐந்து வயதிலிருந்துதான் தனியாக ஏற்றும், கூடுதல் கட்டணமும் உண்டு, சின்னக் குழந்தை என்றால் பெரும்பாலும் நேரடி விமானம் மட்டும்தான். நெவார்க்கிலிருந்து டல்லாஸ் என்றால் பரவாயில்லை. நேரடி விமானமே இல்லாத ஊருக்கு மாறுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் யாராவது கூடவே போய்வர வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

நீங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையை யார் பார்ப்பார்கள் என்றால், “கோயம்புத்தூர்லேருந்து அம்மா வந்து பார்த்துப்பாங்க” என்ற பதிலும் நிற்காது. விசிட்டர் விசாவில் பொதுவாக ஆறு மாதம்தான் தங்க முடியும். ஏழாவது மாதம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

குழந்தையை மட்டும் தயவுசெய்து நடுவில் நிறுத்தாதீர்கள். என் தோழி ஒருநாள், “இன்னும் அப்பாகிட்ட சொல்லாதே” என்று மகளிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் காரில் ஏறும்போது அந்த ஏழு வயதுப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. தோழிக்கு அதை அப்புறம் நினைத்தாலே அழுகை வரும். பெரியவர்களின் ரகசியத்தை அவ்வளவு சின்ன வயிறு தாங்காது.

இந்தியாவுக்கு லீவில் போய் அப்படியே தங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப நாடுகள் ஒப்புக்கொண்ட 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அமெரிக்க நீதிபதிகளுக்கு இது தெரியும், அதனாலேயே இந்தியப் பயணத்துக்குக் கூடுதல் நிபந்தனை போடுவார்கள். மற்றவரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு குழந்தையை நாட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வது மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம்.

தோழியும் அவரும் கடைசியில் மத்தியஸ்தரிடம் உட்கார்ந்து பேசினார்கள். கோடையில் ஆறு வாரம் அப்பாவிடம், டிக்கெட் செலவு பாதிப் பாதி என்று கையெழுத்தானது. டெக்சாஸில் பள்ளி பல இடங்களில் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும், நியூ ஜெர்சி போலச் செப்டம்பர்வரை காத்திருக்காது. அதற்கு நான்கு நாள் முன்புதான் போய்ச் சேர்ந்தாள். போனதும் ஒரு வேலை பாக்கி இருந்தது, பலரும் மறந்துவிடுவது: பழைய தீர்ப்பையும் புது உத்தரவையும் டெக்சாஸ் கோர்ட்டில் பதிவு செய்வது. நாளைக்கு இரண்டு பேரில் யார் சொல் தவறினாலும் அங்கேயே அமல்படுத்தக் கேட்கலாம். பள்ளிச் சேர்க்கை முடிந்த அதே வாரத்தில் அதையும் முடித்துவிட்டாள்.