அருட்டும் நரம்பிணைப்பின் சாரக்கட்டை டிமைத் தாளில் வரைதல்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் வரைந்து காட்டும் முறை இது. ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தூண்டும் சந்திப்பே அருட்டும் நரம்பிணைப்பு. அதன் படங்களில் குளுத்தமேற்று என்னும் சைகைப்பொருளை வெளிவிடும் மேற்பகுதி பெரும்பாலும் விரிவாக இருக்கும். அதை ஏற்கும் வாங்கிகளோ கீழ்மென்சவ்வில் குத்திவைத்தாற்போல் நிற்கும். அவற்றை அங்கே பிடித்துவைத்திருப்பது எது என்ற கேள்விக்கு விடைதான் சாரக்கட்டுப் புரதங்கள். ‘சாரம்’ என்று மட்டும் சொன்னால் நம் ஊரில் உடுக்கும் சாரமே நினைவுக்கு வரும் என்பதால் முழுச் சொல்லையே பயன்படுத்துங்கள். வீடு கட்டி முடிந்ததும் கழற்றப்படும் சாரக்கட்டைப் போலன்றி, இது நரம்பிணைப்பு உள்ளவரை தேவைப்படுவது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

1 சென்ரிமீற்றரை 10 நனோமீற்றராகக் கொள்ளுங்கள். இரு மென்சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 20 நனோமீற்றர் ஆதலால் தாளில் 2 சென்ரிமீற்றர் விடவேண்டும். கீழ்மென்சவ்வின் அடியில், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கருமையாகத் தெரியும் அடர்படையை 4 சென்ரிமீற்றர் தடிப்பிலும் 30 சென்ரிமீற்றர் அகலத்திலும் பென்சிலால் நிழலிடுங்கள். இந்தத் தடித்த படையைக் கொண்டே 1959 இல் கிரே என்னும் ஆய்வாளர் இவ்வகை நரம்பிணைப்பை மற்ற வகையிலிருந்து பிரித்தறிந்தார்.

அடுத்து, சாரக்கட்டுப் புரதங்களில் ஒன்றான பி.எஸ்.டி.-95 ஐ ஐந்து மணி கோத்த சரமாக மென்சவ்விலிருந்து கீழ்நோக்கி வரையுங்கள். மேலிருந்து மூன்று மணிகள் பி.டி.இசட். பகுதிகள், நான்காவது எஸ்.எச்.3, கடைசி ஜி.கே.; சரத்தின் மேல்முனையை மென்சவ்வில் ஊன்றுவன இரண்டு கொழுப்பமில வால்கள். ஓர் இணைப்பில் சுமார் 300 பி.எஸ்.டி.-95 மூலக்கூறுகள் உண்டு. தாளுக்கு ஆறு சரம் போதும்.

இனி வருவதுதான் அதிகம் பிழை நேரும் இடம். என்.எம்.டி.ஏ., ஏ.எம்.பி.ஏ. என்பன குளுத்தமேற்றை ஏற்கும் இருவகை வாங்கிகள். என்.எம்.டி.ஏ. வாங்கியின் வால் பி.டி.இசட். மணியை நேரடியாகப் பற்றும், ஏ.எம்.பி.ஏ. வாங்கியோ பி.எஸ்.டி.-95 ஐத் தானாகப் பற்றாது, ஸ்டார்கேசின் போன்ற துணைப்புரதத்தின் வால் வழியாகவே பிணைகிறது. ஏ.எம்.பி.ஏ. வாங்கிகள் மென்சவ்வில் ஓயாமல் நகர்ந்து திரிபவை. உட்துறைமுகத்து நீரில் அலையும் படகு கயிறு கட்டியதும் இறங்குதுறையோடு நின்றுவிடுவதுபோல, இந்த வால் அவற்றை ஓரிடத்தில் நிறுத்துகிறது. என்.எம்.டி.ஏ. வாங்கி வழியே கல்சியம் நுழையும்போது காம்-கைனேசு-2 என்னும் நொதியம் ஸ்டார்கேசின் வாலில் பொசுபேற்றைச் சேர்க்க, பிடி இறுகி, கூடுதல் வாங்கிகள் தங்குகின்றன. அடுத்த சைகைக்கு நரம்பிணைப்பு வலுவாக விடையளிக்கிறது. கற்றலோடு தொடர்புடைய இந்த மாற்றம் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, கயிறாகிய அந்த வாலைச் சிவப்பு மையால் வரையச் சொல்வது என் வழக்கம்.

அடித்தட்டை விரைவாக முடிக்கலாம்: ஜி.கே. மணியின் கீழ் ஜி.கே.ஏ.பி. என்னும் புரதம், அதன் கீழ் ஷாங்க் புரதம், ஷாங்கோடு நான்காகச் சேர்ந்து நிற்கும் ஹோமர் புரதம், எல்லாவற்றுக்கும் அடியில் கலத்துக்கு வடிவம் தரும் அக்ரின் இழைகள். ஷாங்கும் ஹோமரும் பின்னி வலைபோலாகும் என்பதால் அவற்றைக் குறுக்குக் கோடுகளால் இணையுங்கள். 22 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஷாங்க்-3 பரம்பரையலகின் ஒரு பிரதி இல்லாது போனால் பீலன்-மக்டேர்மிட் நோய்த்தொகுதி ஏற்பட்டு, பேச்சு தாமதப்படுவதும் தன்மய (ஓட்டிச) இயல்புகள் தோன்றுவதும் உண்டு.

தடுக்கும் நரம்பிணைப்பை இதே தாளில் சேர்க்காதீர்கள். அங்கே வாங்கிகளைத் தாங்குவது ஜெஃபிரின் என்னும் வேறொரு புரதம். அதற்குத் தனித் தாள் எடுக்கவேண்டும்.